ஆளை ஓரத்தில் வைத்தும் படம் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

“நடுவில் வைக்காதே, கொஞ்சம் ஓரமா வை.” படம் எடுக்கப் பழகும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும் அறிவுரை இது. எனக்கும் கிடைத்தது. அப்புறம் ஆறு மாதம், நான் எடுத்த படங்களில் இருந்த எல்லோரும் ஃபிரேமை விட்டு நழுவப் பார்ப்பவர்கள் போலவே இருந்தார்கள். அம்மா, நண்பர்கள், இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் பூக்கட்டும் அக்கா, ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே படுத்திருக்கும் பூனை, ஒருவர் பாக்கியில்லை.

நடுவிலிருந்து நகர்த்துவது எளிது. நகர்த்திய பிறகு மறுபக்கம் திறந்து கிடக்கிறதே ஒரு பெரிய இடம், அதற்கு வேலை கொடுப்பதுதான் கஷ்டம். கீழே வரும் கோளாறுகளில் சில கேமராவுடையவை; அவற்றை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். மற்றவை எல்லாம் அந்தக் காலி இடத்தில் போய் முடிகின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு ஏற்பாடு. ஒன்று, திரையில் கட்டக்கோடுகளை வரவழையுங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ் போய், கேமராவைத் திறந்து, கிரிட் என்பதை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் கேமரா செயலியின் செட்டிங்ஸுக்குள்ளேயே கிரிட் லைன்ஸ் இருக்கும். நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு என நான்கு கோடுகள் திரையை ஒன்பது கட்டமாகப் பிரிக்கும். இரண்டு, எதை எடுத்தாலும் மூன்று முறை எடுங்கள்: ஆள் நடுவில், இடது கோட்டில், வலது கோட்டில். வீட்டுக்குப் போய் மூன்றையும் கேலரியில் சின்னச் சின்னக் கட்டமாகவே வைத்துப் பாருங்கள், பெரிதாக்காதீர்கள். படம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும்போது சிரிப்பு, சேலை நிறம் எல்லாம் மறைந்து அமைப்பு மட்டும் மிஞ்சும். கோளாறு எங்கே என்று அப்போதுதான் கண்ணுக்குப் படும்.


“மறுபக்கம் சும்மா கிடக்கிறது”

அதிகம் வரும் புகார் இதுதான். ஆள் இடது கோட்டில் ஒழுங்காக நிற்கிறார். வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, வெறும் சாம்பல் நிறச் சுவர். பார்ப்பவர் கண் ஆளைத் தொட்டுவிட்டு வலப்பக்கம் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறது. அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரு சின்னச் சோதனை. அந்தக் காலிப் பக்கத்தைக் கையால் மறையுங்கள். மறைத்த பிறகு படம் எதையாவது இழக்கிறதா? இழக்கவில்லை என்றால் அந்த இடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள். வெட்டிவிடலாம், அல்லது வேலை கொடுக்கலாம்.

என்ன வேலை? பெரும்பாலும் “இது எந்த இடம்” என்று சொல்லும் வேலை. பஃபலோ ரோட்டில் பூக்கடை அக்காவை இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் தொங்கும் மாலைகளைச் சரம் சரமாக விட்டால், அந்த மூன்றில் இரண்டு பங்கு அவர் யார் என்று சொல்கிறது. அதே அக்காவை இரண்டடி தள்ளி நிற்க வைத்தேன் ஒரு நாள். பின்னால் மூடிய இரும்புக் கதவு. ஆள் அதே ஆள், கோடு அதே கோடு. படத்தில் அவர் யாருக்கோ காத்திருப்பவர் போல நின்றார்.

சில நேரம் வெளிச்சமே அந்த வேலையைச் செய்யும். காலை எட்டு, எட்டரை மணிக்கு புளோக்கின் திறந்த கீழ்த்தளத்துக்குள் வெயில் சாய்ந்து நுழையும். தூண்களின் நிழல் தரையில் நீளமாகப் படுத்திருக்கும். காலி மேசையில் தனியாகப் பேப்பர் படிக்கும் தாத்தாவை ஒரு ஓரத்தில் வைத்து, அந்த நிழல்களை அவரை நோக்கி ஓடவிட்டால், காலி இடம் காலியாக இல்லை. ஆனால் நண்பகலில் அதே இடத்துக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே. உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலேயே நிற்கும், நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும்.

வெறுமையே வேலையாக இருப்பதும் உண்டு. தனிமை, அமைதி, அகலம் இவற்றைக் காட்ட நினைத்தால் காலி இடம் நிறையவே வேண்டும். அப்போது தயங்கக் கூடாது. ஆளை இன்னும் சின்னதாக்கி, கோட்டையும் தாண்டி மூலைக்குக் கொண்டுபோய், சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் வெறுமை கவனக்குறைவாகத் தெரியும், நிறைய வெறுமை முடிவெடுத்துச் செய்ததாகத் தெரியும்.

இது எதுவும் பொருந்தவில்லையா? இரண்டடி முன்னால் போங்கள். ஆள் பெரிதாவார், காலி இடம் தானாகச் சுருங்கும்.


“ஆள் மங்கல், பின்னால் இருக்கும் கடை பளிச்”

இது உங்கள் தவறல்ல, கேமராவின் பழக்கம். எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. முகம் தெரிந்தால் முகத்தைப் பிடிக்கும். முகம் திரும்பியிருந்தால், குடையோ தொப்பியோ மறைத்தால், பல கேமராக்கள் நடுப்பகுதியில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஆளை நீங்கள் ஓரத்துக்கு நகர்த்திவிட்டீர்கள், நடுவில் இப்போது பின்னால் உள்ள கடை. அது பளிச்சென்று வந்துவிடுகிறது.

கைபேசியில் தீர்வு எளிது. முதலில் ஆளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் அவர் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். ஐஃபோனில் தொட்டு அப்படியே அழுத்திப் பிடித்தால் ஏஇ/ஏஎஃப் லாக் என்று மஞ்சளில் எழுத்து வரும். அதன்பின் நீங்கள் ஃபிரேமை அசைத்தாலும் ஃபோகஸ் மாறாது. ஆள் முன்னும் பின்னும் நகர்ந்தால் மட்டும் மறுபடி தொட வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் ஒரு தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் நண்பனின் அண்ணன் காவடி எடுத்து வந்தபோது, இருபது படங்களில் தடுப்பு வேலியைத் துல்லியமாகப் பதிவு செய்தேன். வேலியில் ஒட்டியிருந்த டேப்பின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. பழைய வழி: ஃபோகஸ் பிடிக்கும் நடுப்புள்ளியால் முகத்தைப் பிடித்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி வைத்துக்கொண்டு, கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்துக்குக் கொண்டுபோய், மீதியையும் அழுத்துவது. உள்ளே கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுப்புள்ளிதான் நம்பகமானது, அதனால் பலர் இன்றும் இப்படியே எடுக்கிறார்கள். தூரத்தில் இருப்பவருக்கும் எஃப்/4, எஃப்/5.6 போன்ற துவாரத்துக்கும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் வழி; எண் குறையக் குறைய அது பெரிதாகும்) ஒரு பிரச்சினையும் இல்லை. கிட்டப் போய், துவாரத்தை முழுக்கத் திறந்து எடுக்கும்போதுதான் இடறும். ஃபுல் ஃபிரேம் கேமரா (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது), 50 எம்எம் லென்ஸ், எஃப்/1.4, முகம் 60 செ.மீ. தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்கு வர கேமராவை ஏறக்குறைய 7 பாகை திருப்புவீர்கள். திருப்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பி, கண்ணுக்குப் பின்னால் சுமார் 4 மி.மீ. போய்விடும். அந்தத் தூரத்தில் கூர்மையாக வரும் ஆழமே மொத்தம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். கண் முழுதாக மங்கிவிடாது, ஆனால் இமை மயிர் ஏதோ சரியில்லாதது போல் இருக்கும். காரணம் தெரியாமல் லென்ஸைத் திட்டுவீர்கள்.

ஆகவே கிட்டத்து முகங்களுக்குப் புது வழிதான்: ஃபோகஸ் புள்ளியையே நகர்த்திக் கண் மேல் வையுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு இந்தக் கவலையை விடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு, “ஆள் கறுத்துப்போய், பின்னால் வானம் அழகாக” வருவது. கீழ்த்தள நிழலில் ஓரமாக ஆள், நடுவில் வெளியே கொளுத்தும் வெயில். கேமரா வெயிலைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், நிழலில் நிற்பவர் இன்னும் இருட்டுக்குள் போவார். நம் ஆட்களின் நிறத்துக்கு இது இரட்டைத் தண்டனை. ஐஃபோனில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், முகம்தான் முக்கியம்.


“சுவரில் முட்டிக்கொள்வது போல இருக்கிறது”

ஆள் வலது கோட்டில் நிற்கிறார், வலப்பக்கமே பார்க்கிறார். மூக்குக்கு முன்னால் ஓர் அங்குலம்கூட இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு மைதானம். இடது கோட்டுக்கு மாற்றுங்கள். பார்க்கும் திசையில் இடம் விட்டால் பார்வை போய் உட்கார ஓர் இடம் கிடைக்கும். மிதிவண்டி, ஓடும் பிள்ளை, பேருந்து எல்லாவற்றுக்கும் இதே கணக்கு: போகும் பக்கம் இடம் விடுவது.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சைக்கிள் ஓட்டுபவர்களை வைத்து இதைப் பழகலாம். ஆளைத் துரத்தாதீர்கள். காலி ஃபிரேமை முதலில் அமைத்துக்கொண்டு, அவர் கோட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தொடர்படம் எடுக்கும் வசதியை வைத்துப் பத்துப் பன்னிரண்டு எடுத்தால், அவர் சரியான இடத்தில் இருக்கும் படம் ஒன்றாவது கிடைக்கும்.

விதியை மீறவும் இடமுண்டு. ஒருவர் விலகிப் போகிறார், எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று காட்ட வேண்டுமானால் இடத்தை முதுகுக்குப் பின்னால் விடலாம். கடற்கரையில் கால்தடங்கள் பின்னால் நீண்டு கிடக்க, ஆள் ஓரத்துக்குப் போய்விட்ட படம் நன்றாகவே நிற்கும். அந்தத் தடங்கள் இல்லாவிட்டால் நிற்காது.


“வேண்டுமென்று வைத்தது போல இல்லை, கை தவறியது போல இருக்கிறது”

நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. கல்யாண வீட்டில் படத்தை மாட்டும்போது கொஞ்சம் கோணலாகிவிட்டால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகுமே, அது மாதிரி. கோடு வரை நகர்த்தத் தயங்கிப் பாதி வழியில் நிறுத்தியிருப்பீர்கள். ஒன்று நடுவுக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் கோடு வரை போங்கள்.


“கோட்டில் சரியாக வைத்தேன், ஆனாலும் உப்புச்சப்பில்லை”

கோட்டின் மேல் எதை வைத்தீர்கள்? முழு உருவம் தெரியும் படத்தில் உடம்பு நெடுக்குக் கோட்டில் நின்றால் போதும். மார்பளவுப் படத்தில் கண்கள் மேல் குறுக்குக் கோட்டை ஒட்டி வரவேண்டும். முகம் மட்டும் என்றால் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்ணை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் மேல் புள்ளியில் வையுங்கள். தொடக்கத்தில் பலரும் முகத்தின் நடு, அதாவது மூக்கைப் புள்ளியில் வைத்துவிடுகிறார்கள்; கண்கள் கோட்டுக்கு மேலே ஏறி, தலை மேல் விளிம்பை முட்டிவிடும்.

அது சரியாக இருந்தும் படம் எழவில்லை என்றால், கோட்டின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்துவிட்டீர்கள் என்று பொருள். இந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கு கேமராவுக்கு முந்தியது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி எழுதும்போது இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். நிலம் ஒரு பங்கு என்றால் நீர் இரண்டு பங்கு, இரண்டும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் வானம் இரண்டு பங்கு, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இதே கணக்கு என்கிற மாதிரி அவர் பேசியது பங்குகளைப் பற்றி. இரண்டு பகுதிகள் சமமாக இருந்து ஒன்றோடொன்று சண்டை போடக் கூடாது, ஒன்று மற்றதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்று நாம் திரையில் பிடித்துத் தொங்கும் நான்கு புள்ளிகள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. எனவே புள்ளியில் ஆள் உட்கார்ந்தாரா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பகுதிக்கு எது கட்டுப்படுகிறது என்று பாருங்கள். ஆளுக்கு மற்றது கட்டுப்பட வேண்டும், அல்லது இடத்துக்கு ஆள் கட்டுப்பட வேண்டும். இரண்டும் மல்லுக்கு நின்றால் எந்தக் கோடும் காப்பாற்றாது.


“படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது”

கோணல் இல்லை, எடை. ஆள் இடப்பக்கம் பெரிதாக, கனமாக, வலப்பக்கம் இலேசாக. தட்டு இடப்பக்கம் இறங்கிவிட்டது.

சீன மருந்துக்கடைகளில் மூலிகை நிறுக்கும் கைத்தராசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோல், ஒரு முனையில் தட்டு, மறுபக்கம் ஒரு சின்னக் குண்டு. குண்டைக் கோலின் கடைசி வரை நகர்த்தினால் அது தன்னைவிடப் பல மடங்கு கனமானதைத் தூக்கி நிறுத்தும். படத்திலும் அப்படியே. இடப்பக்கம் பெரிய ஆள் இருந்தால், வலப்பக்கம் அதே அளவில் இன்னொன்று தேவையில்லை. தூரத்தில், ஓரத்துக்கு அருகில், சின்னதாக ஒன்று போதும்: எரியும் ஒரு விளக்கு, சிவப்புக் குடை, சாலையைக் கடக்கும் ஒருவர்.

எது எடை என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டியது. வெளிச்சமானது கனம், அதுவே இருட்டுக்கு நடுவே இருந்தால் இன்னும் கனம். சிவப்பும் மஞ்சளும் கனம். முகம் கனம். எழுத்தும் கனம், கடைப்பலகையில் தமிழ் தெரிந்தால் நம் கண் படிக்காமல் விடாது, படித்து முடிக்கும்வரை ஆளைப் பார்க்காது. கண்ணைப் பாதி மூடி, இமைகளுக்கு இடையே மங்கலாகத் தெரிவதைப் பாருங்கள். எது கடைசி வரை மறையாமல் நிற்கிறதோ அதுதான் அந்தப் படத்தில் அதிக எடை. அது நீங்கள் நினைத்த ஆளாக இல்லாவிட்டால் கோளாறு பிடிபட்டுவிட்டது.

தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் சிராங்கூன் சாலையில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. தங்கையை இடது கோட்டில் நிற்க வைத்தாகிவிட்டது. வலப்பக்கம், தலைக்கு மேல், சாலையின் முழு நீளத்துக்கும் விளக்கு வளைவுகள். அவளுக்கு எங்கே எடை? இரண்டு வழி சொல்கிறேன். அவள் முகத்தில் வெளிச்சம் விழுமாறு ஒரு கடையின் முன்னால் நிறுத்துங்கள். நகைக்கடை வெளிச்சம் இதற்கு அற்புதம். அல்லது வளைவுகளை ஃபோகஸிலிருந்து நழுவவிட்டு வட்ட வட்டமாகக் கரையவிடுங்கள். கைபேசியில் ஜூமை 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்துக் கிட்டப் போனால் ஓரளவு கரையும். இருட்டும் முன்பே போய்விடுவதும் நல்லது. இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் மறைந்து இருபது நிமிடத்துக்குள் வெளிச்சம் தீர்ந்துவிடும். அந்த இருபது நிமிட நீல வானத்தில் விளக்கின் பளிச்சு கொஞ்சம் அடங்கியிருக்கும், முகமும் தாக்குப்பிடிக்கும்.


“ஓரத்தில் நின்ற சித்தி அகலமாகிவிட்டார்”

காரணம், கைபேசியின் 0.5எக்ஸ் லென்ஸ். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் பின்னால் போக இடமில்லை, திறந்த இல்ல விருந்துக்கு வந்த எல்லோரும் தெரிய வேண்டும், அதனால் அதைத் தட்டிவிடுகிறோம். பல கைபேசிகளில் அது 13 எம்எம் அளவுக்கு அகலமான லென்ஸ் (எண் குறையக் குறைய காட்சி அகலமாகும்). வழக்கமான 1எக்ஸ் லென்ஸ் 24 முதல் 26 எம்எம் வரை. அகல லென்ஸ் விளிம்புப் பக்கம் இருப்பதை வெளிநோக்கி இழுக்கும். நேர்கோடுகளை நேராகவே காட்ட வேண்டுமானால் அதற்கு வேறு வழியில்லை. 1எக்ஸில் மூன்றில் ஒரு பங்குக் கோடு வரை முகத்தில் மாற்றம் தெரியாது. 0.5எக்ஸில் அந்தக் கோட்டிலேயே முகம் பத்து விழுக்காடு போல அகலமாகத் தொடங்கும், விளிம்புக்குப் போகப்போகக் கேட்கவே வேண்டாம்.

அகல லென்ஸில் ஓரத்தில் ஆளை வைக்காதீர்கள். கதவு, செடி, கோலம் எதையாவது வையுங்கள். ஆளை ஓரத்தில் வைக்க ஆசையென்றால் 1எக்ஸ் அல்லது 2எக்ஸுக்குப் போய், வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்கு இறங்கி நின்று எடுங்கள்.


“வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் ஆளைப் பாதி காணோம்”

நன்றாக அமைத்த படம் வெட்டும்போது சாகும் இடம் இது. கணக்கைப் பாருங்கள். கைபேசியைப் படுக்கையாகப் பிடித்து 4:3 அளவில் எடுத்தீர்கள், ஆள் இடது கோட்டில், அதாவது இடது ஓரத்திலிருந்து 33 விழுக்காட்டில். அதைத் திரை நிறையும்படி 9:16 நெட்டைச் சட்டமாக நடுவாக வெட்டினால், மிஞ்சுவது அகலத்தில் 42 விழுக்காடு மட்டும். 29லிருந்து 71 வரை. உங்கள் ஆள் இப்போது வெட்டின் விளிம்பில் நிற்கிறார், ஒரு தோள் போயே போய்விட்டது. சதுரமாக வெட்டினால் அவ்வளவு மோசமில்லை, ஆள் 28 விழுக்காட்டுக்கு நகர்வார். 4:5 என்றால் 22க்கு வருவார், விளிம்பை உரசத் தொடங்குவார்.

ஸ்டேட்டஸுக்கு என்று முன்பே தெரிந்தால் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தே எடுங்கள். நெட்டையான 3:4 படத்தை 9:16 ஆக வெட்டினாலும் 33இல் நிற்பவர் 28க்குத்தான் நகர்வார். படுக்கைப் படம்தான் இருக்கிறது என்றால், வெட்டும் சட்டத்தை விரலால் ஆள் பக்கம் இழுத்து வையுங்கள். சட்டம் எப்போதும் நடுவில்தான் வந்து நிற்கும், அதை அங்கேயே விடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தலைகீழாக ஒரு கேள்வியும் வரும்: எல்லாவற்றையும் நடுவில் எடுத்துவிட்டு, பிறகு வெட்டி ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஆகாதா? ஆகும். நடுவில் இருப்பவரைக் கோட்டுக்குக் கொண்டுவர ஒரு பக்கத்தில் கால் பங்கு அகலத்தை வெட்ட வேண்டும். அதே விகிதத்தில் உயரத்தையும் வெட்டினால் 12 மெகாபிக்சல் படம் 7க்குச் சற்றுக் கீழே வரும். கைபேசியில் பார்க்க அது தாராளம். ஆனால் ஒன்று: நடுவில் வைத்து எடுக்கும்போது நீங்கள் மறுபக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே குப்பைத்தொட்டி இருந்ததை வெட்டும்போதுதான் காண்பீர்கள். பழகுவதற்கு மட்டும் இந்த முறை அருமை. பழைய படங்கள் பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் இடது வலது என இரண்டு விதமாக வெட்டிப் பாருங்கள். பேருந்தில் போகும் நேரம் போதும்.


“கடலும் வானமும் இரண்டாகப் பிளந்து நிற்கின்றன”

அடிவானக் கோடு நடுவில் வந்திருக்கிறது. வானம் நன்றாக இருந்தால் கோட்டைக் கீழே இறக்குங்கள், மழைக்குப் பிறகு நம் வானம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். நங்கூரமிட்ட கப்பல்களோ மணலில் விளையாடும் பிள்ளைகளோ முக்கியம் என்றால் மேலே ஏற்றுங்கள். வெள்ளையாக, ஒன்றுமில்லாத வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்காதீர்கள்.


“நடுவில் இருந்தபோதுதான் நன்றாக இருந்தது”

இது கோளாறே இல்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தை நேர் எதிரே நின்று பாருங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. அதை ஓரத்தில் தள்ளினால் பாதிக் கோபுரத்தைத் திருடியது போலத்தான் இருக்கும். மயிற்பீலிக் காவடியும் அப்படி. விரிந்த அலங்காரத்துக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும், ஓரத்தில் வைத்தால் பீலி வெட்டுப்படும். நீரில் தெரியும் பிரதிபலிப்பு, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் தூண் வரிசையை நேராகப் பார்க்கும் காட்சி, கேமராவை நேருக்கு நேர் முறைக்கும் குழந்தை, இவற்றையெல்லாம் நடுவிலேயே வையுங்கள்.

கோபுரமும் ஆளும் சேர்ந்து வேண்டும் என்றால் கோபுரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சாலையின் மறுபுறம் பக்கவாட்டில் நகர்ந்து, கோபுரம் ஒரு கோட்டிலும் ஆள் எதிர்க் கோட்டிலும் வரும்படி பாருங்கள். ஆள் கேமராவுக்குக் கிட்டே, கோபுரம் தூரத்தில். அளவில் சமாதானம் ஆகிவிடுவார்கள்.


“விளிம்பில் பாதி ஆள், பாதிக் கை, யாருடைய பையோ”

ஆளை ஓரத்துக்குத் தள்ளும்போது உங்கள் கண்ணும் அங்கேயே போய்விடுகிறது. எதிர் ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஷட்டரை அழுத்துமுன் ஃபிரேமின் நான்கு விளிம்பையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இரண்டு வினாடி. தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு வினாடி. அப்படியும் யாராவது நுழைவார்கள், பொறுத்திருங்கள். கடைக்காரரையோ வாடிக்கையாளரையோ எடுப்பதானால் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டால் அவசரம் போய்விடும், விளிம்பைப் பார்க்க நேரமும் கிடைக்கும்.


“ஏன்டா என்னை ஓரமா நிக்க வெச்சே?”

தொழில்நுட்பத் தீர்வு இல்லாத ஒரே புகார். அம்மா படத்தைப் பார்க்கிறார். பின்னால் மாலை வெயிலில் கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்மரங்கள், இடது கோட்டில் அம்மா, எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: தன்னை ஒதுக்கிவிட்டு மரத்தை எடுத்திருக்கிறான், செருப்பும் தெரியவில்லை.

வாதாடாதீர்கள். முதல் படத்தை அவருக்காக எடுங்கள்: நடுவில், தலை முதல் கால் வரை, நேராகப் பார்த்து. எடுத்ததைக் காட்டி “நல்லா வந்திருக்கும்மா” என்று சொன்னதும் அவர் தோள் தளரும், சேலையைச் சரிசெய்வார், பக்கத்தில் எதையாவது திரும்பிப் பார்ப்பார். “அப்படியே இருங்க” என்று சொல்லிவிட்டு இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து, அவர் பார்க்கும் திசையில் இடம் விட்டு, இரண்டாவதை எடுங்கள். முதல் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு.